தொட்டித் துளசியும் பூமலையும்

(ஆலய மண்டபத்தில் மூத்தோர், மகளிர் பிரிவினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆலய மேடையில் திருமுறையைப் பற்றியோ திருவிழாவின் தத்துவத்தைப் பற்றியோ பேசுவதுதான் வழக்கம். எனக்குக் கிடைத்த தலைப்போ வீட்டுத் தோட்டம். தலைவர் தொலைபேசியில் சொன்னபோது, "ஐயா, முப்பத்து நான்கு ஆண்டுகள் தொடக்கப்பள்ளியில் அறிவியலும் தமிழும் கற்பித்தவன் நான், விவசாயி இல்லையே" என்றேன். "வீட்டில் செடி பட்டுப்போனால் எல்லாரும் உங்களிடம்தானே வந்து கேட்கிறார்கள்? அதையே ஒரு முறை மேடையில் சொல்லிவிடுங்கள்" என்றார். ஆகவே வந்து நிற்கிறேன். நீண்ட நேரம் எடுத்துக்கொள்ள மாட்டேன். பிரசாதம் ஆறிவிடுமே என்ற கவலை எனக்கும் உண்டு.

முதலில் ஒரு செய்தி. 2025ஆம் ஆண்டு ஜனவரி 10, 11 ஆகிய இரு நாட்களில் பெய்த மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த இரண்டு நாட்களில் மட்டும் சாங்கியில் பெய்த மழை, ஜனவரி மாதம் முழுவதற்குமான சராசரியைவிட அதிகம். அதற்கடுத்து வந்தது பொங்கல். பொங்கல் முடிந்த வாரத்தில் நம் ஆலயத்தின் பின்புறம், கால் கழுவும் குழாய்க்குப் பக்கத்தில், நான்கு துளசித் தொட்டிகள் வரிசையாக இருந்தன. நான்கிலும் செடி பட்டுப்போயிருந்தது. ஒரு தொட்டியில் குங்குமப் பொட்டுக்கூட அழியாமல் இருந்தது. யாரோ வீட்டில் வைத்துக்கொள்ள அஞ்சி, குப்பையில் போடவும் மனம் வராமல், இரவோடு இரவாகக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஐந்தாவது தொட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓர் அம்மா வந்தார். எழுபதை நெருங்கியவர். பட்டுப்போன துளசி வீட்டில் இருந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மூத்த மகனுக்கு அடுத்த வாரம் அறுவை சிகிச்சை. மூன்று நாட்களாக அவருக்குச் சாப்பாடும் இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. "நான் என்ன குற்றம் செய்தேன் ஐயா?" என்று கேட்டபோது அவர் குரல் நடுங்கியது.

தொட்டியை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் ஓட்டை இல்லை. பார்வைக்கு அழகான பீங்கான் தொட்டி, மேசைமேல் வைப்பதற்காகச் செய்தது. மண்ணோடு கழன்று வந்த வேர்கள் கறுத்துப்போய் அழுகல் நாற்றம் அடித்தன. மழை ஈரம் காயாத அந்த நாட்களிலும் அந்த அம்மா தவறாமல் காலையில் ஒரு சொம்பு, மாலையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, வெள்ளிக்கிழமைதோறும் பாலும் ஊற்றி வந்திருக்கிறார். "அம்மா, இது தெய்வக் குற்றமில்லை, தண்ணீர்" என்று சொல்லி, நாறும் வேரை அவர் கையிலேயே கொடுத்து முகர்ந்து பார்க்கச் சொன்னேன். அவருக்குப் புரிந்தது. மகனுக்குச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அந்தப் பெருமை மருத்துவர்களைச் சேரும், அதையும் யாரும் துளசிக் கணக்கில் எழுதிவிட வேண்டாம்!

அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. பக்தியோடு வளர்க்கும் ஒரு செடி, அதை வளர்ப்பவருக்கே அச்சமாக மாறலாமா? இதற்குக் காரணம், இந்த ஊரில் பருவம் என்று ஒன்று கிடையாது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதுதான். ஆண்டு முழுவதும் ஒரே வெயில், ஒரே மழை, ஆகவே ஆண்டு முழுவதும் ஒரே அளவு தண்ணீர் என்று எண்ணுகிறோம். அந்த எண்ணம் சரியில்லை.

நம் முன்னோர் கொண்டுவந்த வழக்கம் வேறு. "ஆடிப் பட்டம் தேடி விதை" என்பது பழமொழி. ஆடிப்பெருக்கில் காவிரியில் புது வெள்ளம் வரும் ஊருக்கு அது பொருந்தும். என் பாட்டனார் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். அவர் வாயால் அந்தப் பழமொழியை நூறு முறை கேட்டிருப்பேன். ஆனால் சிங்கப்பூரில் ஆடி மாதத்தில் புதுவெள்ளம் ஏது? நாம் வாழ்வது நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய ஒன்றரைப் பாகை வடக்கே. இங்கே பகல் பொழுது ஆண்டு முழுவதும் பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டியே இருக்கும். 1991 முதல் 2020 வரையிலான கணக்குப்படி ஆண்டுக்குச் சராசரியாக 2,113 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையில் பெய்யும் மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டி வந்துவிடும். இங்கே எல்லா மாதமும் மழை உண்டு. அளவும் நேரமும்தான் மாறும். அந்த மாற்றம்தான் நமக்குப் பருவம்.

டிசம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று வலுக்கிறது. டிசம்பர், ஜனவரியில் நாள்கணக்கில் தூறலும் கனமழையுமாக இருக்கும். துளசிக்கு இதுவே கண்டம். ஆள்காட்டி விரலை இரண்டாம் கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் அன்று தண்ணீர் வேண்டாம். பூஜைக்காக ஊற்றித்தான் ஆக வேண்டும் என்பவர்கள் உத்தரணியால் ஒரு கரண்டி விடுங்கள், போதும். பாலை ஆலயத்து அபிஷேகத்துக்குக் கொடுங்கள். தொட்டியில் ஊற்றினால் எறும்பும் பூஞ்சணமும்தான் வரும். விளக்கையும் ஊதுபத்தியையும் செடியிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். மார்கழி முழுவதும் விளக்கேற்றிய வீட்டில், ஒரு பக்கத்து இலை மட்டும் கருகியிருந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பிப்ரவரியில் காற்று இருக்கும், மழை குறையும். ஆண்டிலேயே ஆகக் குறைந்த மழை பெய்யும் மாதம் அதுதான். 2014இல் ஜனவரி நடுப்பகுதியிலிருந்தே மழை நின்று, சாலையோரப் புல்வெளியெல்லாம் வைக்கோல் நிறமானது நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாட்களில் டிசம்பரில் செய்த சிக்கனம் உதவாது. காலையில் வேர் நனைய ஊற்ற வேண்டும். மண்ணின் மேல் காய்ந்த இலையோ தேங்காய் நாரோ பரப்பினால் ஈரம் தங்கும். மார்ச்சுக் கடைசியிலிருந்து மே வரை காலை வெயில் கொளுத்தும், பிற்பகலில் இடியுடன் மழை கொட்டும். புதிதாக ஏதேனும் நட வேண்டுமென்றால் என்னைக் கேட்டால் இதுதான் நல்ல நேரம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. வானிலை அறிக்கையில் 'சுமத்ராஸ்' என்பார்கள். விடியலுக்கு முன்போ காலையிலோ மலாக்கா நீரிணையைத் தாண்டி வரும் சூறைக்காற்று அது. அந்த மாதங்களில் பால்கனி விளிம்பிலும் சன்னல் கட்டையிலும் தொட்டி வைக்கவே கூடாது. பத்தாவது மாடியிலிருந்து விழும் தொட்டி ஓர் உயிரை வாங்கிவிடும். சில ஆண்டுகளில் இதே மாதங்களில் புகைமூட்டமும் வரும். அப்போது இலைகளைத் தண்ணீர் தெளித்துக் கழுவிவிடுங்கள்.

இனி, யாரும் சொல்லாத ஒரு பருவத்தைச் சொல்கிறேன். வீவக வீட்டில் இருப்பவர்களுக்கு மழையைவிட இது முக்கியம். உங்கள் நடைவழி எந்தத் திசையைப் பார்க்கிறது? வாஸ்து சொல்லப்போகிறேன் என்று பயப்பட வேண்டாம், வெயிலைப் பற்றித்தான் பேச்சு. டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்கிறது. தெற்குப் பார்த்த நடைவழிக்கு அப்போது வெயில் உள்ளே வரும், ஜூனில் வராது. வடக்குப் பார்த்த வீட்டுக்கு நேர்மாறு. மார்ச்சிலும் செப்டம்பரிலும் சூரியன் உச்சிக்கு நேர் மேலே போவதால் இரு பக்கத்துக்குமே வெயில் குறைவு. "ஜூன் வரை செழிப்பாக இருந்த மல்லிகை அதற்குப் பிறகு பூக்கவே இல்லை, யாரோ கண் வைத்துவிட்டார்கள்" என்று சென்ற ஆண்டு ஓர் அன்பர் வருத்தப்பட்டார். கண் வைத்தவர் சூரிய பகவான்தான்! அவர் வீடு வடக்குப் பார்த்தது. துளசிக்கும் மல்லிகைக்கும் நாளுக்கு ஐந்தாறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். அது கிடைக்காத இடத்தில் துளசியை வைத்து வருந்துவதைவிட, வெற்றிலைக் கொடி வைக்கலாம். அதற்கு நிழல் ஒத்துக்கொள்ளும். தாம்பூலத்துக்கும் ஆயிற்று.

துளசியைப் பற்றி இன்னும் ஒன்று. அது ஆலமரத்தைப் போல நூறாண்டு வாழும் செடி அல்ல. நன்றாகக் கவனித்தாலும் தொட்டியில் இரண்டு, மூன்று ஆண்டுகளில் தண்டு கட்டைபோல முற்றி, இலை சிறுத்து, ஓய்ந்துவிடும். பூங்கதிர் முற்றி விதையானதும் தன் வேலை முடிந்தது என்று அது நினைக்கிறதோ என்னவோ! கதிர் வந்ததும் கிள்ளிச் சுவாமிக்குச் சாத்துங்கள், செடிக்கு ஆயுள் கூடும். ஒன்றிரண்டு கதிர்களை மட்டும் காய விட்டு, கடுகைவிடச் சிறிய அந்த விதைகளை வேறொரு தொட்டியில் மண்ணின் மேலாகத் தூவி, லேசாகத் தண்ணீர் தெளித்து வையுங்கள். ஆழமாகப் புதைக்க வேண்டாம். ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும். பெரிய செடி ஓயும்போது பிள்ளைச் செடி தயாராக நிற்கும். துவாதசியன்று துளசி பறிக்கக் கூடாது, பொழுது சாய்ந்தபின் பறிக்கக் கூடாது என்றெல்லாம் பெரியவர்கள் கட்டுப்பாடு வைத்தார்கள். சாத்திரக் காரணம் எதுவானாலும், தினமும் மொட்டையடிக்கப்படும் செடிக்கு அது ஓய்வு நாள் என்பது என் கருத்து.

மண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடையில் பொட்டலமாக விற்கும் கறுப்பு மண் பார்க்க நன்றாயிருக்கும். இரண்டு மாதத்தில் களியாக இறுகிவிடும். மூன்றில் ஒரு பங்கு பெருமணலோ பெர்லைட்டோ கலந்தால்தான் துளசி வேருக்கு மூச்சு விட இடம் கிடைக்கும்.

தொட்டியின் கீழ் வைக்கும் தட்டுக்கு வருகிறேன். இங்கே நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். இருபது காசு அளவுக்குத் தண்ணீர் தேங்கினால் போதும், ஏடிஸ் கொசு முட்டையிட்டுவிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும். தட்டு காய்ந்துவிட்டதே என்றும் நிம்மதியாக இருக்க முடியாது. ஒட்டிக்கொண்ட முட்டைகள் பல மாதம் உயிரோடு கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரியும். ஆகவே கொட்டினால் மட்டும் போதாது, தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முடிந்தால் தட்டே இல்லாமல் தொட்டியை ஒரு தாங்கியின் மேல் வைத்துவிடுங்கள். இறுகிய மண்ணின் மேல் நிற்கும் தண்ணீரும் ஆபத்துத்தான், ஒரு முள்கரண்டியால் கிளறிவிடுங்கள். சுவாமிப் படத்தின் முன் வைக்கும் பூச்சாடித் தண்ணீரை ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றுங்கள். நடைவழியில் 1.2 மீட்டர் அகலத்துக்குத் தடையின்றி வழி விட வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. அண்டை வீட்டில் தள்ளுவண்டியில் போகும் முதியவர் இருப்பார், நள்ளிரவில் மருத்துவ வண்டி வரும், தூக்குப் படுக்கை நுழைய வேண்டும். துளசி மாடம் அதற்குக் குறுக்கே நிற்கலாமா?

எல்லாம் எச்சரிக்கையாகவே போகிறதே என்று தாய்மார்கள் முகம் வாடுவது தெரிகிறது. மகிழ்ச்சியான விஷயத்துக்கு வருகிறேன். பொங்கலுக்கு மஞ்சள் கொத்து வாங்கத் தேக்காவில் எத்தனை நெரிசல்! மஞ்சள் நம் வீட்டிலேயே வரும். சித்திரை, வைகாசியில் இடிமழை பெய்யும் காலத்தில் சந்தையில் வாங்கிய பச்சை மஞ்சளில் முளைவிட்ட துண்டைப் பார்த்து எடுத்து, ஒரு சாண் ஆழமாவது உள்ள அகலமான தொட்டியில் இரண்டு விரற்கடை ஆழத்தில் ஊன்றுங்கள். மஞ்சளுக்கு எட்டு, ஒன்பது மாதம் ஆகும். வைகாசியிலிருந்து எண்ணிப் பாருங்கள், சரியாகத் தை பிறக்கும்போது கிழங்கு தயார். பானையில் கட்டும் மஞ்சள் நம் கையால் வளர்த்தது என்றால் அந்தப் பொங்கலின் ருசியே தனிதான். என் மனைவி இதை ஒப்புக்கொள்வதில்லை. ருசி அவர் கைப்பக்குவத்தில் இருக்கிறதாம். நான் வாதிடுவதில்லை.

கறிவேப்பிலையை இலை இலையாக உருவாதீர்கள். நுனியோடு கிளையாக வெட்டுங்கள், வெட்டிய இடத்தில் இரண்டாகக் கிளைக்கும். அதிலும் எலுமிச்சைச் செடியிலும் பறவை எச்சம் போல ஒரு சிறு புழு உட்கார்ந்திருக்கும். பார்த்தவுடன் நசுக்கிவிடுகிறோம். அது பட்டாம்பூச்சியின் பிள்ளை. ஒரு கிளையை அதற்கு விட்டுக் கொடுங்கள். என் பேத்தி அதற்குப் பெயர் வைத்து, பச்சையாக வளர்ந்து கூட்டுக்குள் போய் இறகோடு வெளிவரும் வரை பள்ளி விட்டு வந்ததும் நேரே அதைத்தான் போய்ப் பார்ப்பாள். அந்த இரண்டு, மூன்று வாரங்களும் கைத்தொலைபேசியைத் தேடவே இல்லை.

இத்தனையும் சொன்ன பிறகு, "பருவத்தை எப்படிக் கண்டுகொள்வது, நாட்காட்டியில் போட்டிருக்கவில்லையே?" என்று கேட்பீர்கள். மரங்களைப் பார்த்துத்தான் கற்க வேண்டும். அதற்கு நமக்கு ஒரு பெரிய பள்ளிக்கூடம் இருக்கிறது. நாம் பூமலை என்று அழைக்கும் தாவரவியல் பூங்காவைத்தான் சொல்கிறேன்.

பூமலை 1859இல் தங்லினில் தொடங்கியது. இன்று 82 ஹெக்டர் பரப்பில் இருக்கிறது. 2015 ஜூலையில் யுனெஸ்கோ அதை உலக மரபுடைமைத் தலமாக அறிவித்தது. காலை 5 மணிக்கே திறந்துவிடுவார்கள், நள்ளிரவு வரை இருக்கலாம். தேசிய ஆர்க்கிட் தோட்டத்துக்குள் போக மட்டும் கட்டணம், மற்ற இடங்களுக்குக் கட்டணமே கிடையாது. அப்படியிருந்தும் நம்மில் பலர் அங்கே போய்ப் பத்து, இருபது ஆண்டு ஆகியிருக்கும். பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தபோது போனது. கை தூக்கச் சொல்லிக் கேட்டால் பாதிக் கை இறங்கிவிடும், எனவே கேட்கவில்லை.

அந்த மண்ணுக்கும் நமக்கும் உள்ள தொடர்பை எத்தனை பேர் அறிவோம்? 1876இல் பிரேசிலிலிருந்து லண்டனின் கியூ தோட்டத்துக்கு ரப்பர் விதைகள் போயின. அவற்றில் முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. 1888 முதல் 1911 வரை பூமலையின் இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மட்டும் சீவிப் பால் எடுக்கும் முறையை அங்கே ஆராய்ந்து கண்டார். தோட்ட முதலாளிகளின் சட்டைப்பையில் விதைகளைத் திணிப்பார் என்றும், அதனால் அவரைப் பித்தர் என்றே அழைத்தார்கள் என்றும் சொல்வார்கள். பிறகு ரப்பருக்கு விலை ஏறியது, மலாயா முழுவதும் பால்மரக் காடு ஆனது. அந்தப் பால்மரம் சீவத்தான் நம்மில் எத்தனையோ பேருடைய தாத்தாவும் பாட்டியும் கப்பலேறி வந்தார்கள். ரிட்லி நூறு வயதைத் தாண்டி வாழ்ந்து 1956இல் காலமானார். பூமலையில் ஒரு ரப்பர் மரத்தின் முன் நிற்கும்போதெல்லாம் எனக்கு என் பாட்டியின் கைகள்தான் கண்முன் வரும். விரல் இடுக்கில் பால் கறை போகவே போகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிம், தஞ்சோங் பகாரில் வசித்த ஆக்னஸ் ஜோக்கிம் என்ற ஆர்மீனியப் பெண்மணியின் வீட்டுத் தோட்டத்தில் பிறந்தது. 1893இல் அதை உலகுக்கு அறிவித்தவர் இதே ரிட்லிதான். 1981இல் அது தேசிய மலராயிற்று. ஆக, நாட்டின் அடையாளம் ஒருவர் வீட்டுத் தோட்டத்திலிருந்து வந்தது. நடைவழியில் நாலு தொட்டி வைத்திருப்பவர்களை யாரும் அலட்சியமாகப் பார்க்க வேண்டாம்!

பூமலைக்குப் போனால் எதைப் பார்ப்பது? எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க ஓடாதீர்கள். ஒரே மரத்தைத் தேர்ந்துகொண்டு மாதம் ஒரு முறை போய்ப் பாருங்கள். என் மரம் தங்லின் பக்கம் உள்ள தெம்புசு. 1999இல் வெளிவந்த வரிசையைச் சேர்ந்த ஐந்து வெள்ளி நோட்டின் பின்பக்கத்தில் இருப்பது அதுதான். பூங்கா தொடங்கும் முன்பே அங்கே நின்ற மரம் என்று கருதப்படுகிறது. அதன் தாழ்ந்த கிளையில் ஒரு காலத்தில் எல்லாரும் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள். இப்போது வேலி போட்டுக் காக்கிறார்கள். தெம்புசு பூக்கும் நாளில் மாலை மயங்கியதும் அந்தப் பக்கம் நடந்து பாருங்கள். அடுத்தடுத்து மாலை கட்டிக் குவித்த கர்ப்பக்கிருகம்போல மணக்கும்.

ஒரு வறண்ட காலத்தை அடுத்துக் கனமழை பெய்தால், சில வாரங்களில் ஊரெங்கும் 'டிரம்பெட்' மரங்கள் இலை தெரியாமல் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகப் பூத்துவிடும். 'சிங்கப்பூரின் சக்குரா' என்று படம் எடுத்து அனுப்புகிறார்களே, அதுதான். பெரும்பாலும் ஏப்ரலை ஒட்டி ஒரு முறை, ஆகஸ்ட்டை ஒட்டி ஒரு முறை. அதைப் பார்த்தால் வறட்சி போய் மழை வந்துவிட்டது என்று பொருள். உங்கள் தொட்டிக்கு ஊற்றும் தண்ணீரைக் குறையுங்கள். தூங்குமூஞ்சி மரத்தை மலாய்க்காரர்கள் 'புக்குல் லீமா' என்பார்கள், ஐந்து மணி மரம் என்று அர்த்தம். மாலையில் அதன் இலை மூடிக்கொள்ளும். மழை இருட்டினாலும் மூடும்.

அதே மரத்தின் கிளைகளில் புறா ஆர்கிட் என்ற சிறிய வெள்ளைப் பூச்செடி தொற்றி வளரும். அது எப்போது பூக்கும் தெரியுமா? கனமழை பெய்து காற்று திடீரென்று குளிர்ந்த நாளிலிருந்து ஒன்பதாம் நாள். ஊரிலுள்ள செடிகளெல்லாம் ஒரே நாளில் பூத்து, அன்று ஒரு நாள் மணந்து, மறுநாள் வாடிவிடும். நான் பணியாற்றிய பள்ளியின் வாசலில் அப்படி ஒரு மரம் இருந்தது. பெருமழை பெய்த நாளை மாணவர்கள் நாட்காட்டியில் வட்டமிட்டு வைப்பார்கள். ஒன்பதாம் நாள் காலை வாசலில் நின்று, "சார், பூத்திருச்சு!" என்று கூவுவார்கள். சில முறை குளிர் போதாமல் பூக்காது. அன்று அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது. அவர்களில் ஒருவர் இன்று மருத்துவர். சென்ற ஆண்டு தைப்பூசத்தில் பால்குடம் எடுத்து வந்தவர் என்னைக் கண்டதும் விழுந்து வணங்கிவிட்டு, "சார், இன்னும் எண்ணுகிறேன்" என்றார்.

நாகலிங்க மரமும் பூமலையில் உண்டு. அடிமரத்திலிருந்தே பூக்கும் அதைப் பார்த்தால் நம்மவர்கள் கை தானாகவே கூப்பிவிடும். லிங்கத்தின் மேல் நாகம் படம் எடுத்தது போன்ற அமைப்பு. இத்தனைக்கும் அதன் தாயகம் தென் அமெரிக்கா. எங்கிருந்தோ வந்த மரத்தில் நம் முன்னோர் சிவனைக் கண்டார்கள்.

ஆனால் கூப்பிய கை பறிக்க நீளக் கூடாது. சொல்லச் சங்கடமாக இருக்கிறது, சொல்லாமலும் இருக்க முடியவில்லை. நகரெங்கும் பூங்காக்களில் அதிகாலையில் நெகிழிப் பையுடன் பூப்பறிப்பவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். "பூஜைக்குத்தானே" என்கிறார்கள். பூங்காச் சட்டப்படி அது குற்றம். சட்டத்தை விடுங்கள், பிறர் தோட்டத்தில் கேளாமல் பறித்த பூவை எந்தச் சுவாமிக்குச் சாத்துவது? கீழே உதிர்ந்ததைக் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு அங்கேயே விட்டு வாருங்கள். பூஜைக்கு உங்கள் தொட்டியில் ஒரு செம்பருத்தி போதும். வெயில் இருந்தால் தினம் ஒரு பூ தரும்.

வீட்டில் தொட்டி வைக்கவே இடமில்லை, வெயிலும் இல்லை என்பவர்கள் பேட்டையில் உள்ள சமூகத் தோட்டத்தைக் கேட்டுப் பாருங்கள். தேசியப் பூங்காக் கழகம் 2005இல் தொடங்கிய திட்டம் அது. தனியாக இருக்கும் முதியவர்களுக்கு நான் அதைத்தான் முதலில் சொல்வேன். என் புளோக்கின் கீழே உள்ள தோட்டத்தில் ஒரு சீனப் பாட்டி எனக்குப் பண்டான் கொடுத்து, கற்பூரவல்லி வாங்கிக்கொள்வார். அவருக்கு ஆங்கிலம் வராது, எனக்கு ஹொக்கியென் வராது. மூன்று ஆண்டுகளாக எங்களுக்குள் பேச்சுக்குக் குறைவே இல்லை.

நிர்வாகக் குழுவில் பேசி இரண்டு ஏற்பாடுகள் செய்திருக்கிறோம். மண்டப வாசலில் மேசைமேல் துளசி விதைப் பொட்டலங்கள் இருக்கின்றன. ஆலயத் துளசியின் கதிரிலிருந்து எடுத்தவை, ஒருவருக்கு ஒன்று, கட்டணம் இல்லை. பட்டுப்போன செடி வீட்டில் இருந்தால் அஞ்சாமல் தொட்டியோடு கொண்டுவாருங்கள். இரவில் வர வேண்டியதில்லை, ஞாயிறு காலை பூஜைக்குப் பிறகு நான் அலுவலகத்தில்தான் இருப்பேன். சேர்ந்து வேரைப் பார்ப்போம். அடுத்து, மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை 7 மணிக்குத் தாவரவியல் பூங்கா எம்ஆர்டி நிலையத்தின் பூங்கா வாசலில் கூடி, ஒன்றரை மணி நேரம் மெதுவாக நடக்கப் போகிறோம். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் பாதை வசதியாக இருக்கும். குடையும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டுவாருங்கள், பேரப்பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். பெயர் கொடுக்க விரும்புவோர் பிரசாதம் வாங்கும் வரிசையிலேயே மகளிர் பிரிவுச் செயலாளரிடம் கொடுத்துவிடலாம்.